கூலியா, புதிரா: ஆள் சேர்க்க இரண்டு வழிகள்

1914 ஜனவரியில் ஹென்றி ஃபோர்டு தன் கார் தொழிற்சாலையில் நாளுக்கு 5 டாலர் கூலி என்று அறிவித்தார். அதுவரை கிடைத்தது ஏறக்குறைய அதில் பாதிதான். வேலை நேரமும் 9 மணியிலிருந்து 8 ஆனது. ஹைலண்ட் பார்க் ஆலை வாசலில் ஆயிரக்கணக்கானோர் குவிந்தார்கள். தள்ளுமுள்ளு முற்றி, உறையும் குளிரில் தண்ணீரைப் பீய்ச்சியடித்துக் கூட்டத்தைக் கலைத்தார்கள்.

2004ல் கூகுள் நேரெதிராகச் செய்தது. சிலிக்கான் பள்ளத்தாக்கு நெடுஞ்சாலையோரம் ஒரு விளம்பரப் பலகை. நிறுவனத்தின் பெயர் இல்லை, சம்பளப் பேச்சும் இல்லை. 2.718 என்று தொடங்கும் கணித மாறிலியின் இலக்கங்களில் முதலில் வரும் 10 இலக்கப் பகா எண்ணைக் கண்டுபிடித்து, அதோடு 'டாட் காம்' சேர்க்க வேண்டும். விடை 7427466391. அந்தத் தளத்துக்குப் போனால் இன்னொரு புதிர். அதையும் அவிழ்த்தவர்களிடம்தான் விண்ணப்பம் கேட்டார்கள்.

கூலி எல்லோரையும் கூப்பிடும், பொறுக்கியெடுப்பது அப்புறம்தான். புதிர் கூப்பிடும்போதே சலித்துவிடும். ஆனால் புதிரை அவிழ்க்கத் தெரிந்தவர் நாலு பேரோடு சேர்ந்து வேலை பார்ப்பாரா? எனக்குச் சந்தேகம்தான். விளம்பரமாக அது பிரமாதம், அது வேறு விஷயம்.

ஃபோர்டுக்கு ஆள் கிடைப்பதைவிட, வந்தவர் வேலையில் நிலைப்பதுதான் பிரச்சினை. 1913ல் தொழிலாளர் மாறிய விகிதம் 370 சதவீதம், அதாவது 100 இடங்களை நிரப்பி வைக்க ஒரே வருஷத்தில் சுமார் 370 பேரை எடுக்க வேண்டியிருந்தது. 5 டாலர் அதைக் கட்டுப்படுத்தியது. சரி, அந்தக் கூலி சும்மா கிடைத்ததா? தொழிலாளி குடிக்கிறாரா, சேமிக்கிறாரா என்று வீடு தேடிப் போய் விசாரிக்க நிறுவனம் தனித் துறையே வைத்திருந்தது.