ஏழு வருஷ லேப்டாப்பும் மூன்றாவது முடிச்சும்

ஆடியில் முகூர்த்தம் கிடையாது என்பதால், கல்யாண வீடியோ எடிட் பண்ணும் என் லேப்டாப்பைச் சர்வீசுக்குக் கொடுத்தேன். இரண்டு ஃபேனும் புதுசு, தெர்மல் பேஸ்ட் புதுசு, உப்பிப்போய் டச்பேடைத் தூக்கிக்கொண்டிருந்த பேட்டரியும் மாற்றியாகிவிட்டது. மொத்தம் 7,900 ரூபாய். இதே லேப்டாப்புக்குக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் மதர்போர்டே போய்விட்டது என்று 34,000 கேட்டார்கள். எங்கள் ஊர்க் கடைக்காரர் அடிமூடியைக் கழற்றி, ஃபேனுக்கும் செம்புக் குழாய்க்கும் நடுவில் கம்பளித் துண்டு மாதிரிப் படிந்திருந்த தூசியை இடுக்கியால் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஏழு வருஷம் மண்டபம் மண்டபமாகச் சுற்றிய தூசி.

இதைக் கேள்விப்பட்டு, என்னோடு கேமரா பிடிக்க வரும் தம்பி போன் பண்ணினான். "அண்ணே, உங்களுதே இன்னும் ஓடுதே, அப்ப நான் இப்ப புதுசு வாங்க வேண்டாம்தானே? ராம் விலை வேற ஏறிக் கெடக்கு." போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

2019 தீபாவளிக்கு வாங்கியது. ஐ7 9750எச் பிராசசர், ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு. 2021இல் ராமை 32 ஜிபி ஆக்கி, ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டியும் போட்டேன். 2025 கடைசியில் ராம் விலை ஏற ஆரம்பித்ததைப் பார்க்கும்போது, அன்றைக்கே போட்டது நல்லதாகப் போயிற்று. இருநூற்றைம்பது கல்யாணத்துக்கு மேல் இதில்தான் வெட்டி ஒட்டியிருக்கிறேன். ஒருமுறைகூட ஒரு புராஜெக்டைத் தொலைத்ததில்லை. சர்வீசுக்கு முன்னால் எக்ஸ்போர்ட் போட்ட ஐந்தாவது நிமிஷமே 97 டிகிரி போகும், வேகம் 2.2 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். இப்போது 82 டிகிரியில் நின்று, 3.3க்குக் கீழே இறங்குவதில்லை. பக்கத்து அறையில் தூங்கும் அம்மா, "இன்னிக்கு வேலை இல்லையாப்பா, சத்தமே காணோம்" என்று கேட்டார்கள். அந்த 7,900 ரூபாய்க்கு இதைவிட என்ன வேண்டும்.

ஆனாலும் எனக்கு ஆறாத எரிச்சல் ஒன்று இருக்கிறது. அது சூடும் இல்லை, சத்தமும் இல்லை.

தாலி கட்டும் இடத்துக்கு டைம்லைனை நகர்த்துகிறேன். கெட்டிமேளம் முழங்குகிறது. மாப்பிள்ளையின் விரல் முதல் முடிச்சைப் போடுகிறது. அடுத்த இரண்டை நாத்தனார் போட வேண்டும். அங்கே படம் நின்றுவிடும். அட்சதை காற்றில் தொங்கிக்கொண்டிருக்கும், தவிலும் நாதஸ்வரமும் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். நாலு நொடி கழித்துப் படம் ஒரு குதி குதித்து, எல்லோரும் சிரித்துக்கொண்டு நிற்கிற இடத்தில் வந்து நிற்கும். மூன்றாவது முடிச்சை நான் பார்க்கவே இல்லை. ஜே கீயை அழுத்திப் பின்னால் போனால் இன்னும் மோசம். எந்த ஃப்ரேமில் வெட்டுவது என்று கண்ணால் பார்த்து முடிவு பண்ணுவதுதான் என் வேலை. அதற்குத்தான் இந்த மெஷின் விடமாட்டேன் என்கிறது.

ரொம்ப நாள் லேப்டாப்புக்கு வயசாகிவிட்டது என்றே நினைத்திருந்தேன். இல்லை. 2023இல் நான்தான் கேமராவை மாற்றினேன். சோனி ஏ7 மார்க் 3 கொடுத்தது 8 பிட், 4:2:0. மார்க் 4இல் நான் எடுப்பது எச்.265, 10 பிட், 4:2:2. பிட் என்பது நிறத்தை எவ்வளவு நுணுக்கமாகப் பதிகிறது என்ற அளவு; 4:2:0, 4:2:2 என்பவை நிறத் தகவலில் எவ்வளவு வைத்துக்கொள்கிறது என்ற கணக்கு; எச்.265 வீடியோவைச் சுருக்கி வைக்கும் முறை. எச்.265இல் எல்லா ஃப்ரேமும் முழுப் படமாக இருக்காது. ஒன்றை முழுசாக வைத்துவிட்டு, அடுத்தடுத்தவற்றில் என்ன மாறியது என்பதை மட்டும் எழுதி வைத்திருக்கும். நடுவில் ஒரு ஃப்ரேமைக் காட்ட, முழுப் படம் இருக்கிற இடத்திலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டு வர வேண்டும். சுருக்கியதை இப்படி விரித்துக் காட்டுவதற்கென்றே சிப்பில் தனி டிகோடர் உண்டு. என் 9ஆம் தலைமுறை இன்டெலில் இருக்கும் டிகோடருக்கு 4:2:0 வரைதான் தெரியும். 4:2:2 வந்தால் மொத்தச் சுமையும் பிராசசர் தலையில் விழும். டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தைத் திறந்து பாருங்கள், 'வீடியோ டிகோட்' என்ற கோடு தரையோடு கிடக்கும், சிபியு நூறைத் தொட்டு நிற்கும். அதைப் பார்த்த அன்றைக்குத்தான் ஃபேனைத் திட்டுவதை நிறுத்தினேன்.

பிராக்ஸி, அதாவது எடிட் பண்ண மட்டும் லேசான நகல், போடலாமே என்பீர்கள். போடுகிறேன், மூன்று வருஷமாக. ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் தயாராக இருக்கும், அப்புறம் தங்கு தடையில்லாமல் வெட்டலாம். முழுக் கல்யாண வீடியோவுக்கு அது போதும். ஆனால் இப்போதெல்லாம் ஆறரை மணி முகூர்த்தத்துக்கு, பந்தி முடிவதற்குள் ரீல்ஸ் கேட்கிறார்கள். மாலை ரிசப்ஷனில் பெரிய திரையில் காலையில் நடந்த கல்யாணம் ஓட வேண்டும். அதில் பிராக்ஸிக்கு ஏது நேரம்?

கேமராவை 4:2:0க்கு மாற்றியும் ஒரு மாதம் எடுத்துப் பார்த்தேன். அதே எச்.265, அதே 10 பிட், இதே லேப்டாப்பில் நன்றாகவே ஓடியது. நியாயமாகச் சொன்னால் எந்த வாடிக்கையாளரும் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் 4:2:0இல் நிறத் தகவல் 4:2:2இல் இருப்பதில் பாதிதான். மண்டபத்து எல்இடி வெளிச்சத்தில் அரக்குப் பட்டின் ஓரத்தில், ஜரிகை தொடங்குகிற இடத்தில், கலர் சரிபண்ணும்போது சிவப்பு கசிவது என் கண்ணுக்குத் தெரிகிறது. தெரிந்த பிறகு அப்படியே கொடுக்க மனசு வரவில்லை.

தம்பி, உன் கேமரா இன்னும் 8 பிட்தான். உனக்குப் புது லேப்டாப் வேண்டாம். உன்னுடையதைக் கழற்றித் தூசி தட்டு, பழைய ஹார்ட் டிஸ்க்கில் வைத்து எடிட் பண்ணாமல் ஒரு எஸ்எஸ்டி வாங்கு, தை வரைக்கும் கவலையில்லாமல் ஓட்டு. கேமராவை மாற்றுகிற அன்றைக்கு லேப்டாப்புக்கும் சேர்த்துப் பணம் வைத்துக்கொள். நான் 2023இல் அதைச் செய்யவில்லை.

வாங்கும்போது கிராபிக்ஸ் கார்டின் பெயரை மட்டும் பார்க்காதே. இன்டெலில் 11ஆம் தலைமுறையிலேயே எச்.265 4:2:2 டிகோட் இருக்கிறது, ஆப்பிள் எம்1இலும் இருக்கிறது. என்விடியாவில் 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் அது வந்தது. பெரிய 40 வரிசை கார்டைப் பார்த்து மயங்கி, அது எந்தப் பிராசசரோடு வருகிறது என்று கவனிக்காமல் வாங்கினால், இன்னொரு லட்சம் போட்டும் அதே இடத்தில் படம் நிற்கும்.

ஆக, ஏழு வருஷத்தில் என்னை ஒருமுறைகூடக் கைவிடாத, இப்போதுதான் சரியாகிவந்த மெஷின் இது. ஆல்பம் வேலைக்கு இன்னும் மூன்று வருஷம் தாராளமாக வரும், விற்கவும் மாட்டேன். ஆனால் வீடியோவுக்கு ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முன்னால் புதுசு வாங்கிவிடுவேன். நேற்று ராத்திரியும் நாத்தனார் கை பாதி வழியில் நின்றது, நான் மூடி வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை கடைக்குப் போகிறேன். அந்தக் கிளிப்பை ஒரு பென் டிரைவில் போட்டு வைத்திருக்கிறேன். எந்த லேப்டாப்பில் மூன்றாவது முடிச்சு முன்னாலும் பின்னாலும் நிற்காமல் ஓடுகிறதோ, அதற்குத்தான் பில் போடச் சொல்வேன்.