புரோட்டீன் பார்: நாலாம் நாள் கடித்துப் பார்த்துவிட்டுப் பேசுவோம்

வீட்டிலேயே புரோட்டீன் பார் செய்ய ஆரம்பித்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. பத்து நாளைக்கு ஒரு தட்டு, தட்டுக்குப் பத்துத் துண்டு. நடுவில் வெறுத்துப்போய் இரண்டு மாதம் விட்டுவிட்டேன், அந்தக் கதை பின்னால் வருகிறது.

செய்முறை சொல்கிறவர்கள் எல்லாரும் தட்டிலிருந்து வெட்டிய கையோடு ஒரு கடி கடித்து, கண்ணை மூடி, ஆஹா என்கிறார்கள். வெட்டிய அன்றைக்கு எதுதான் நன்றாக இல்லை? அதே துண்டை நாலாம் நாள் எடுத்துக் கடித்தால் பல்லுக்கும் பாருக்கும் நடக்கிற சண்டையை யாரும் காட்டுவதில்லை. நான் எழுதப்போவது பெரும்பாலும் அந்த நாலாம் நாளைப் பற்றித்தான்.

முதலில் எதற்கு ஆரம்பித்தேன் என்றால், சாயங்காலம் உடற்பயிற்சி முடித்து வந்ததும் இனிப்பு கேட்கும் நாக்கு எனக்கு. கடையில் விற்கிற பார் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சர்க்கரை சேர்க்கவில்லை என்று உறையில் பெரிதாகப் போட்டிருந்த ஒன்றை ஒரே நாளில் மூன்று உள்ளே தள்ளினேன். அன்று இரவு நடந்ததை விவரிக்க வேண்டாம். உறையைத் திருப்பிப் படித்தால் மால்டிடால். சர்க்கரை ஆல்கஹால் வகை, சிறுகுடல் அதை முழுதாக உறிஞ்சாது, மிச்சம் பெருங்குடலுக்குப் போய்த் தண்ணீரை இழுக்கும், அங்கே இருக்கிற பாக்டீரியா அதைப் புளிக்கவைத்து வாயுவாக்கும். அதிகம் சாப்பிட்டால் பேதியாகும் என்ற எச்சரிக்கையும் பொடி எழுத்தில் இருந்தது, எனவே கடைக்காரரைத் திட்டவும் வழியில்லை.

சரி, நாமே செய்வோம் என்று இறங்கினேன். முதல் ஆறு மாதம் செய்தது எல்லாரும் செய்கிற அதேதான்: ஓட்ஸ் 150 கிராம், பீநட் பட்டர் 200, பேரீச்சம்பழம் 150, தேன் 120, மேலே டார்க் சாக்லெட் 100. பிசைந்து தட்டில் அழுத்தி, குளிரவைத்து வெட்ட வேண்டியதுதான். அருமையான ருசி, நாலாம் நாளும் மெத்தென்று இருக்கும், அதில் குறையே சொல்ல முடியாது. நானும் பெருமையாக எல்லாரிடமும் புரோட்டீன் பார் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் தம்பிதான் ஒருநாள், "இதுல புரோட்டீன் எங்கண்ணே இருக்கு?" என்று கேட்டான். கோபம் வந்தது, அப்புறம் தாளும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போட்டேன். மொத்தத் தட்டிலும் புரதம் சுமார் 80 கிராம், கலோரி 3100-க்கு மேல். ஒரு துண்டுக்கு 8 கிராம் புரதம், 310 கலோரி. புரதம் கிராமுக்கு 4 கலோரி என்பதால், துண்டின் கலோரியில் பத்தில் ஒரு பங்குதான் புரதத்திலிருந்து வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2006-ஆம் ஆண்டின் விதிப்படி ஒரு உணவைப் புரதம் மிகுந்தது என்று சொல்லி விற்க, கலோரியில் குறைந்தது 20 சதவீதமாவது புரதமாக இருக்கவேண்டும், புரதம் உள்ளது என்று சொல்வதற்கே 12 சதவீதம். என்னுடையது அதற்கும் எட்டவில்லை. ஆறு மாதமாக நான் தின்றது நல்ல மிட்டாய், அவ்வளவுதான்.

இதில் பெரிய ஏமாற்று பீநட் பட்டர். 100 கிராமில் 25 கிராம் புரதம் இருக்கிறது, உண்மை. கூடவே 50 கிராம் கொழுப்பும் இருக்கிறது, மொத்தம் 590 கலோரி. கொழுப்புணவு என்று நினைத்துக்கொண்டு சேர்த்தால் அளவு தானாகக் குறையும். பாதாமும் கிட்டத்தட்ட அதே கதைதான். கொண்டைக்கடலை வேகவைத்து அரைத்து பிரௌனி செய்யச் சொல்கிறார்களே, அதையும் செய்தேன். வெந்த கடலையில் 100 கிராமுக்கு 9 கிராம்போலத்தான் புரதம். நார்ச்சத்துக்காகச் சாப்பிடலாம், ருசியும் மோசமில்லை, ஆனால் அதைப் புரோட்டீன் பிரௌனி என்று அழைக்க எனக்கு இனி வாய் வராது.

ஆக புரோட்டீன் பவுடர் இல்லாமல் கணக்கு தேறாது என்று தெரிந்தது. தொல்லையும் அங்கேதான் தொடங்கியது.

பால் திரிந்தால் பிரிகிற தெளிநீரிலிருந்து எடுக்கும் புரதம்தான் வே. அந்தப் பவுடரில் கான்சன்ட்ரேட் என்பது பெரும்பாலும் 80 சதவீதம் புரதம் உள்ளது, ஐசோலேட் 90-ஐ ஒட்டி இருக்கும், லாக்டோஸும் மிகக் குறைவு. பால் வயிற்றுக்கு ஒத்துவராதவர்கள் ஐசோலேட் பக்கம் போவது அதனால்தான். நான் முதலில் வெறும் வே போட்டுச் செய்தேன். கையில், கரண்டியில், தட்டில், எங்கு பட்டாலும் பசை. கொஞ்சம் பால் அதிகமானால் ஓடுகிறது, கொஞ்சம் பவுடர் அதிகமானால் சூயிங்கம். அப்புறம் வெறும் கேசீன், பால் திரிந்தால் கட்டியாகிற பகுதியின் புரதம். இது வேக்கு நேர் எதிர், ஊற்றுகிற பாலையெல்லாம் குடித்துவிட்டு இன்னும் கொண்டா என்கிறது. முதல் நாள் பிசைந்த மாவு மாதிரி அழகாக இருந்தது, நாலாம் நாள் கத்தியை வைத்தால் சுண்ணாம்புக்கட்டி போல உதிர்ந்தது. பட்டாணிப் புரதமும் பார்த்தேன், நாக்கில் மணல் மாதிரி நெருடுகிறது, பச்சை வாடையை அடக்கக் கோகோ இரண்டு மடங்கு போடவேண்டியிருந்தது. பால் சாப்பிடாதவர்களுக்கு அதுவோ சோயாவோதான் வழி, பொறுமை வேண்டும். கொலாஜன் பவுடர் போட்டால் பார் மெத்தென்று வரும், ஆனால் அதில் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலமே கிடையாது, தசைக்காகச் சாப்பிடுகிறவர்கள் அதை மட்டும் நம்பினால் பயனில்லை.

இரண்டு மாதம் விட்டுவிட்டேன் என்றேனே, அது இந்தக் கட்டத்தில். வாரம் ஒரு செங்கல் செய்து, வாரம் ஒரு செங்கலைக் குப்பையில் போட்டால் யாருக்குத்தான் வெறுக்காது.

ஏன் இறுகுகிறது என்று தேடிப் படித்தபோதுதான் கொஞ்சம் தெளிந்தது. பிசைந்து முடித்ததும் வேலை முடிந்துவிட்டது என்று நாம் நினைக்கிறோம், பவுடர் அப்படி நினைப்பதில்லை. தேனிலும் பேரீச்சையிலும் இருக்கிற ஈரத்தை நாள்கணக்கில் மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். ஈரம் இடம் மாற மாற, புரதத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வலைபோலக் கெட்டிப்படுகின்றன. பார் தயாரிக்கும் ஆலைகளுக்கும் இதே தலைவலிதான், அவர்கள் ஈரத்தைப் பிடித்துவைக்கும் கிளிசரின் சேர்த்தும், முன்பே சிறு துண்டுகளாக உடைத்த வே புரதத்தைப் பயன்படுத்தியும் சமாளிக்கிறார்கள். உறையில் கிளிசரின் என்று பார்த்து முன்பெல்லாம் முகம் சுளித்திருக்கிறேன். இப்போது கொஞ்சம் மரியாதை வந்திருக்கிறது.

வீட்டில் எனக்குப் பலித்தது இரண்டு விஷயம். ஒன்று, வே இரண்டு பங்கு, கேசீன் ஒரு பங்கு. இரண்டாவதுதான் முக்கியம்: கேசீனை முதலில் பாலில் கரைத்துக் கால் மணி நேரம் ஊறவிட்டுவிடுவது. குடிக்கவேண்டியதை முதலிலேயே குடித்துவிட்டால் பிற்பாடு தேனிடம் கை நீட்டாது. மாவின் பதமும் முதல் நாள் கொஞ்சம் தளரவே இருக்கவேண்டும், ஐயோ இது நிற்காதே என்று பயம் வருகிற அளவுக்கு. சரியான பதத்தில் இருக்கிறது என்று முதல் நாள் தோன்றினால் அது ஏற்கெனவே வறண்டுவிட்டது என்று அர்த்தம்.

இப்போது ஒரு வருடமாக மாற்றாமல் செய்கிற அளவு இது. ஓட்ஸ் 120 கிராம், வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்து மிக்ஸியில் பொடித்தது. வே 100, கேசீன் 50, இரண்டும் சுவை சேர்க்காதவை. பீநட் பட்டர் 120, பேரீச்சை 100 வெந்நீரில் ஊறவைத்து வடித்து அரைத்தது, தேன் 40, கோகோ 20, பால் 90 மில்லி, உப்பு இரண்டு சிட்டிகை. உப்பை விட்டுவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் பவுடர் வாடை முன்னால் வந்து நிற்கும். மேலே பூச டார்க் சாக்லெட் 60. கணக்குப் பார்த்தால் துண்டுக்கு 17, 18 கிராம் புரதம், 260 கலோரி, அதாவது கலோரியில் கால் பங்குக்கு மேல் புரதம். தம்பிக்குக் காட்டினேன். "பரவால்லண்ணே" என்றான். அவனிடமிருந்து அதற்கு மேல் வராது.

எல்லாவற்றையும் தராசில் நிறுத்துத்தான் போடுகிறேன். பவுடர் டப்பாவோடு வருகிற கரண்டியை நம்பி நான் கெட்டது போதும், தளர அள்ளினால் ஒரு எடை, அழுத்தி அள்ளினால் ஒரு எடை.

இனிப்பைப் பற்றிக் கொஞ்சம் புலம்பவேண்டும். தேன் போட்டால் ஆரோக்கியம் என்று ரொம்ப நாள் நம்பினேன். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன சர்க்கரை வரம்பில் (மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குக் கீழே) தேனும் பாகுகளும் சேர்த்தேதான் எண்ணப்படுகின்றன. என் பழைய அளவில் ஒரு துண்டுக்கு 12 கிராம் தேன் இருந்தது, இப்போது 4 கிராம். அதையும் எடுத்துவிட்டால் பார் பிடிமானம் இல்லாமல் உதிர்கிறது, ஆகவே இனிப்புக்காக அல்ல, பசைக்காக வைத்திருக்கிறேன். மால்டிடால் வகையைச் சேர்ந்த எரித்ரிடால் என்ற இனிப்பைப் போட்டு ஒரு நாலைந்து தட்டு செய்தேன். சர்க்கரையில் 60, 70 சதவீத இனிப்பு, கலோரி கிட்டத்தட்ட இல்லை, மால்டிடால் மாதிரி என் வயிற்றைப் படுத்தவும் இல்லை. ஆனால் வாயில் புதினா தின்றது மாதிரி ஒரு குளிர்ச்சி, அதோடு நாலாம் நாள் திரும்பவும் படிகமாகிக் கற்கண்டுத்தூள் போல நறநறக்கிறது. பொடித்துப் போட்டால் குறையும், போகாது. அதே வகை இனிப்பான சைலிடால் வாங்குகிறவர்கள் வீட்டில் நாய் இருந்தால் வாங்கவே வேண்டாம், சின்ன அளவே நாய்க்கு விஷம். நறுமணம் சேர்த்த வெனிலா பவுடர்களிலும் சுக்ரலோஸ் இனிப்பு ஏற்கெனவே தூக்கலாக இருக்கும், அதோடு பேரீச்சையும் சேர்ந்தால் பாதித் துண்டிலேயே திகட்டிவிடும். அதனால்தான் சுவை சேர்க்காததற்கு மாறினேன்.

ஓவனில் வைத்துச் சுடுவதை நான் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டேன். வே புரதம் 70 டிகிரி செல்சியஸ் தாண்டினாலே சுருண்டுகொள்ள ஆரம்பிக்கும், உள்ளே இருக்கும் ஈரத்தைப் பிழிந்து தள்ளும், கையில் கிடைப்பது ரப்பர். சுட்டே ஆகவேண்டும் என்றால் மாவில் கால் பங்குக்கு மேல் வே வேண்டாம், 160 டிகிரி போதும், நடுப்பகுதி லேசாக ஆடும்போதே வெளியே எடுத்துவிடுங்கள். சுடாமல் செய்கிறவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும்: பச்சைக் கோதுமை மாவோ கடலை மாவோ அப்படியே பிசையாதீர்கள், அதில் கிருமி இருக்க வாய்ப்புண்டு. அவல் மாதிரி தட்டையாக வரும் ஓட்ஸ் ஆலையிலேயே ஆவியில் வெந்து வருவது, அதனால் பயமில்லை.

ஒரு தடவை கடலை ஒவ்வாமை உள்ள ஒருவருக்காக சூரியகாந்தி விதை பட்டரில், கொஞ்சம் சமையல் சோடா போட்டு, சுட்டுச் செய்து கொடுத்தேன். ஆறியதும் வெட்டினால் உள்ளே பாசிப்பச்சை நிறம். பூஞ்சைதான் என்று பதறி, தட்டோடு வீசப்போனேன். விதையில் உள்ள குளோரோஜெனிக் அமிலம் சோடாவோடு சேர்ந்தால் பச்சையாகுமாம், சாப்பிட ஒன்றும் ஆகாது. ஆனால் பச்சைப் பாரை அன்போடு நீட்டும்போது எதிரில் இருப்பவர் முகம் போகிற போக்கு இருக்கிறதே.

சாக்லெட் பூச்சுக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். உருக்கும் பாத்திரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் திரிந்து கட்டியாகிவிடும், அதை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். ஒரு சிறுகரண்டி தேங்காய் எண்ணெய் கலந்தால் மெல்லிசாகப் பரவும், வெட்டும்போது சில்லுச்சில்லாக உடையாது. கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்துவிட்டு வெட்டுங்கள்.

பாலும் ஊறிய பேரீச்சையும் இருப்பதால் இதை வெளியே வைக்கக்கூடாது. ஃப்ரிட்ஜில் ஒரு வாரம், அதற்கு மேல் நான் நம்புவதில்லை. பாதியைச் செய்த அன்றே ஒவ்வொன்றாக பட்டர் பேப்பரில் சுற்றி ஃப்ரீசருக்கு அனுப்பிவிடுகிறேன், உறைந்துவிட்டால் ஈரம் இடம் மாறுவதும் நின்றுபோகிறது, இரண்டு மாதம் கழித்து எடுத்தாலும் மெத்தென்றே இருக்கிறது. சாப்பிட அரை மணி நேரம் முன்னால் வெளியே எடுத்து வைத்தால் சரியாக இருக்கும். பையில் போட்டுக்கொண்டு நாள் முழுக்க வெயிலில் அலைகிறவர்களுக்கு இது தோதுப்படாது, அவர்கள் கடையில் வாங்குவதே நல்லது, சத்தியமாகச் சொல்கிறேன். மிக்ஸி கழுவப் பிடிக்காதவர்களுக்கும்தான். பேரீச்சை விழுதும் வேயும் சேர்ந்து பிளேடுக்கு அடியில் காய்ந்துவிட்டால் அப்புறம் பாட்டுத்தான், அரைத்த உடனே வெந்நீர் ஊற்றி ஒரு சுற்று விட்டுவிடுங்கள்.

இந்தத் திங்கட்கிழமை தேனை 40-லிருந்து 25 ஆக்கி, குறைந்த பசைக்குப் பேரீச்சையைக் கொஞ்சம் ஏற்றி ஒரு தட்டு போட்டிருக்கிறேன். இன்று செவ்வாய், பிரமாதமாக இருக்கிறது. வியாழக்கிழமை கடித்துப் பார்க்கவேண்டும்.