4 குப்பியில் 3 தேறும்

பெட்டியின் மேல் “குற்றிழை உயிரிகள், 4 வகை, உயிருடன்” என்று போட்டிருந்தது. உடம்பில் குட்டி இழைகள் உள்ள, கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒற்றைச் செல் உயிரிகள் இவை. நுண்ணோக்கி ஏற்கெனவே கையில் இருந்ததால் மகளுக்காக வாங்கினேன். (உண்மையில் எனக்காகத்தான்.)

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். நாலாவது குப்பியில் இருந்தது யூக்ளினா. அது குற்றிழை உயிரியே இல்லை. உடம்பெல்லாம் குட்டிக் குட்டி இழைகள் கிடையாது; முன்பக்கம் சாட்டை போல நீண்ட ஒரு கசையிழையை ஆட்டி நீந்தும் சாதி. பச்சையம் உண்டு, சிவப்பாக ஒரு கண்புள்ளி உண்டு, வெளிச்சம் வரும் பக்கமாகப் போய்க் கூடும். பார்க்க அழகுதான். ஆனால் லேபிள் ஒட்டுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரிய வேண்டாமா?

அடுத்தது பாரமீசியம். மூடியை இறுக்கி, மேலே டேப்பும் சுற்றி அனுப்பியிருந்தார்கள். திறந்ததும் குப்பென்று நாற்றம். முதல் சொட்டில் ஒன்றுகூட அசையவில்லை. மூடியைத் தளர்த்தி ஒரு நாள் விட்டுவைத்தேன். மறுநாள் மேல்மட்டத்திலிருந்து எடுத்த சொட்டில் ஏழெட்டு ஓடின.

ஓட்டமென்றால் அப்படி ஓட்டம். நீளம் சுமார் கால் மில்லிமீட்டர்தான். 100 மடங்கில் வைத்தால், உடம்பைத் திருகித் திருகிக்கொண்டு, நாம் தகட்டை நகர்த்துவதற்குள் வட்டத்தைத் தாண்டிவிடும். வேகத்தைக் குறைக்கக் கொடுத்திருந்த கூழ் ஏகத்துக்கும் கெட்டி, அசையவே விடவில்லை. பஞ்சைப் பிய்த்து நாலு இழை போட்டேன். நடுவில் ஒன்று வசமாக மாட்டியது. இழையில் முட்டும், பின்வாங்கும், கொஞ்சம் திரும்பி மறுபடி முன்னே வரும். “ரிவர்ஸ் எடுக்குதுப்பா!” என்றாள் மகள்.

400 மடங்கில் இரண்டு முனைப் பக்கமும் நட்சத்திரம் மாதிரி சுருங்கும் நுண்குமிழ் தெரிந்தது. மெல்ல நிரம்பி, சட்டென்று காலியாகும். கூட வந்த தாளில் இதை “இதயம்” என்று அச்சடித்திருக்கிறார்கள். இதயமாவது! உள்ளே ஊறி வரும் தண்ணீரை வெளியே இறைக்கும் பம்ப் அது.

இத்தனையையும் இன்னொரு குப்பியில் வந்த ஸ்டென்டாருக்காக மன்னிக்கலாம். வெறுங்கண்ணுக்கே நீலப் புள்ளியாகத் தெரிகிறது. நுண்ணோக்கியில் நாகஸ்வர அணைசு போல விரிந்த வாய், அதன் விளிம்பைச் சுற்றி அலையலையாக இழைகள், உள்ளே பாசிமணி கோத்தது போல் பெரிய உட்கரு. ஒரே செல்! மேசையை விரலால் சுண்டினால் அப்படியே உருண்டையாகிவிடும். பிறகு ஆளில்லை என்று தெரிந்தவுடன் வெளியே வருகிற மாதிரி, மெதுவாக நீளும். அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மீதியிருந்த வார்டிசெல்லா குப்பியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காம்பின் நுனியில் மணி கவிழ்த்தது போல இருக்கும் உயிரி இது. காம்பு ஸ்பிரிங் போலச் சுருள்வதைக் கண்ணால் பிடிக்க முடியாது. திரும்ப நிமிர்வதைத்தான் பார்க்கலாம்.

வாங்குகிறவர்கள் வந்த அன்றே மூடியைத் தளர்த்துங்கள், நேர் வெயிலில் வைக்காதீர்கள். ஸ்டென்டாரை மட்டும் தனியாகத் தருவார்களா என்று விற்பவர்களிடம் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.