படகில் ஈய பேட்டரியும் லித்தியமும் கலந்து போட்டது: ஏழு வருஷ அனுபவம்

மும்பையில் கேட்வே ஆஃப் இந்தியா எதிரே மூரிங்கில் (கடலடியில் நங்கூரமிட்ட மிதவையில்) கட்டிக் கிடக்கிற படகுகளில் ஒரு பழைய 26 அடி பாய்மரப் படகு எங்களுடையது. சயானில் நான், மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நண்பர்கள், மூன்று பேருமாகப் பங்கு போட்டு 2018-இல் வாங்கினோம். உள்ளே 18 குதிரைசக்தி டீசல் எஞ்சின், அது ஓடும்போது கரண்ட் தயாரிக்கிற 50 ஆம்பியர் ஆல்டர்நேட்டர், மேலே 100 வாட் சோலார் பேனல். அங்கே கரைக் கரண்ட் கிடையாது. எஞ்சின் போகும்போது இருபது நிமிஷம், வரும்போது இருபது நிமிஷம் ஓடும், மீதிக்கெல்லாம் வெயில்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மெரினாவில் பிளக் போட்டு இரவெல்லாம் சார்ஜ் ஏற்றுகிறவர்களுக்கு என் அனுபவத்தில் பாதி பொருந்தாது.

இன்றைக்கு இந்தப் படகில் ஈயமும் இருக்கிறது, லித்தியமும் இருக்கிறது, இரண்டும் நன்றாகவே ஓடுகின்றன. கலக்கவே கூடாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரே கம்பியில் கட்டக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் அந்த வித்தியாசம் எங்களுக்குப் புரிவதற்குள் இரண்டு நல்ல பேட்டரி வீணாய்ப் போனது.

முதல் தப்பு எல்லாரும் செய்வதுதான். படகோடு வந்த இரண்டு 100 ஏஹெச் (ஆம்பியர்-அவர், பேட்டரியின் கொள்ளளவு) தண்ணி பேட்டரியும் பேரலலில், அதாவது ப்ளஸ்ஸோடு ப்ளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்துக் கட்டியிருந்தது. அந்தத் தீபாவளிக்குள் ஒன்று செத்தது. இன்னொன்று நன்றாகத்தானே இருக்கிறது என்று ஒன்றை மட்டும் புதிதாக வாங்கி மாட்டினோம். பதினாலு மாதத்தில் அந்தப் புது பேட்டரியும் சோர்ந்துபோனது, காலையில் போனால் 11.9 வோல்ட் காட்டும். பேட்டரி மோசம் என்று கடைக்காரரிடம் சண்டைக்கே போயிருப்போம், நல்லவேளை அதற்கு முன் சசூன் டாக்கில் விசைப்படகுகளுக்கு வயரிங் பார்க்கிற ஓர் அண்ணனைக் கூட்டிவந்தோம். தாராவியில் இருக்கிறார், ஊர் திருநெல்வேலிப் பக்கம். வந்தவர் முதலில் ஆசிட்டின் அடர்த்தி பார்க்கிற ஹைட்ரோமீட்டரை எடுத்து பழைய பேட்டரியின் ஒவ்வொரு செல்லாக உறிஞ்சிப் பார்த்தார். ஐந்து செல் 1.220-ஐ ஒட்டி, ஆறாவது மட்டும் 1.130, அது கெட்டுப்போன செல். அப்புறம் எல்லா ஸ்விட்சையும் அணைக்கச் சொல்லி, இரண்டு பேட்டரிக்கும் நடுவே ஓடுகிற கம்பியில் கரண்ட் அளக்கிற டிசி கிளாம்ப் மீட்டரைக் கவ்வவிட்டார். ஒன்றுமே ஓடாத படகில் ஒன்றரை ஆம்பியர் போய்க்கொண்டிருந்தது, புதுசிலிருந்து பழசுக்கு.

"தம்பி, இவன் சம்பாதிக்கான், அவன் குடிக்கான். எத்தன நாளைக்கு ஓடும்?" என்றார்.

ஒன்றரை ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 36 ஏஹெச். எங்கள் பேனல் நல்ல வெயில் நாளில் கொடுப்பதே 25, 30 ஏஹெச்தான். அதாவது சூரியன் கொடுத்ததையெல்லாம் ஒரு கெட்டுப்போன செல் சூடாக்கித் தீர்த்துவிட்டு, அதற்கு மேலும் புது பேட்டரியிலிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தது. பேரலலில் கட்டினால் இரண்டும் ஒரே வோல்ட்டில் நின்றாக வேண்டும், பலவீனமானது எந்த வோல்ட்டில் நிற்குமோ அங்கேதான் பலமானதும் இறங்கும். அதனால் பேரலலில் இருப்பதை மாற்றினால் எல்லாவற்றையும் ஒரே நாளில், ஒரே கம்பெனி, ஒரே அளவில் மாற்றுங்கள். சீரிஸில் (ஒன்றின் ப்ளஸ்ஸை அடுத்ததன் மைனஸில் கட்டுவது) இன்னும் மோசம், பலவீனமானது முழுக்க இறங்கி செல்லின் ப்ளஸ்ஸும் மைனஸும் தலைகீழாகிவிடும்.

இரண்டாவது தப்பு டியூபுலர். வீட்டு இன்வெர்ட்டருக்கு வைப்போமே, அந்த உயரமான 150 ஏஹெச். விலை மலிவு, ஆழமாக இறக்கினாலும் தாங்கும் என்று 2020-இல் வாங்கினோம். ஆசிட்டோடு கிட்டத்தட்ட 60 கிலோ. கடல் வற்றின நேரத்தில் கேட்வே படிக்கட்டின் கீழ்ப்பக்கமெல்லாம் பாசி, அதில் இரண்டு பேர் பிடித்து டிங்கியில் (படகுக்குப் போய்வருகிற சின்ன ஓடம்) இறக்கினதை நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது. வீட்டில் ஆடாமல் நிற்கச் செய்த பேட்டரி அது, பாய் விரித்து படகு ஒரு பக்கம் சாய்ந்து போனால் மூடி வழியாக ஆசிட் கசியும். ஒரு நாள் எதிர்க்கரை மாண்ட்வாவிலிருந்து எதிர்க்காற்றில் வந்துவிட்டுப் பலகையைத் திறந்தால் கீழே மரம் கறுத்துப்போயிருந்தது. சோடா உப்பைக் கரைத்து ஊற்றியதும் புசுபுசுவென்று பொங்கியது. பில்ஜ், அதாவது படகின் அடிப்பள்ளம், கடல் தண்ணி நிற்கிற இடம் வேறு. உப்புத் தண்ணி பேட்டரிக்குள் போனால் குளோரின் வாயு வரும், நீர்மூழ்கிக் கப்பல்காரர்கள் ரொம்பப் பயந்த விஷயம் அது.

ஆனால் அது செத்தது கசிவால் இல்லை, சல்ஃபேஷனால் (தகட்டில் ஈய சல்ஃபேட் படிந்து இறுகுவது). ஈய பேட்டரிக்குக் கடைசி இருபது சதவீதம் ஏறத்தான் மணிக்கணக்காகும், எவ்வளவு பெரிய சார்ஜர் இருந்தாலும் அது மெதுவாகத்தான் வாங்கும். இருபது நிமிஷ எஞ்சினும் ஒரு பேனலும் அந்த 150 ஏஹெச்சை ஒரு நாளும் நிரப்பவே இல்லை. பாதி வயிற்றிலேயே கிடந்து கிடந்து தகடு இறுகிப்போனது. ஏற்கெனவே சூட்டில் ஈய பேட்டரி சீக்கிரம் கிழடாகும், பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்று ஒரு பொதுக் கணக்கு உண்டு. மே மாதம் எங்கள் எஞ்சின் அறையில் கை வைத்துப் பார்த்தாலே தெரியும்.

2021-இல் எஞ்சினுக்கென்று தனியாக ஒரு ஏஜிஎம் பேட்டரி (ஆசிட்டைக் கண்ணாடி இழைப் பஞ்சில் ஊறவைத்து மூடிய ஈய பேட்டரி) போட்டோம். அது கசியாது, சாய்ந்தாலும் கவலையில்லை. 2023-இல் டியூபுலரைத் தூக்கிவிட்டு வீட்டுப் பக்கத்துக்கு, அதாவது விளக்கு, ஃப்ரிட்ஜ், பிளாட்டருக்கு (கடல் வரைபடம் காட்டுகிற திரை), 100 ஏஹெச் லித்தியம் அயர்ன் பாஸ்ஃபேட் ஒன்று. லித்தியம் என்றதும் எல்லாரும் எடையைச் சொல்கிறார்கள், 12 கிலோவை ஒரு கையில் தூக்கிக்கொண்டு டிங்கியில் ஏறலாம்தான். ஆனால் மூரிங் படகுக்கு அதைவிடப் பெரிய லாபம் வேறு: பாதியில் கிடந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது, கிடைக்கிற ஆம்பியரைக் கடைசி வரை அப்படியே வாங்கிக்கொள்ளும். எங்கள் மாதிரி ஒரு நாளும் முழுசாகச் சார்ஜ் ஏறாத படகுக்கு இதுதான் விஷயம்.

மாட்டும்போது ஒன்றைக் கவனிக்கவில்லை. ஏஜிஎம்முக்கும் டியூபுலருக்கும் நடுவே ஒரு விஎஸ்ஆர் ரிலே (வோல்ட்டைப் பார்த்துத் தானாகச் சேர்க்கிற, பிரிக்கிற ஸ்விட்ச்) இருந்தது. எஞ்சின் ஓடி வோல்ட் 13.3-க்கு மேல் போனால் இரண்டு பேட்டரியையும் சேர்க்கும், 12.8-க்குக் கீழே வந்தால் பிரிக்கும். ஈயத்துக்கு அது அருமையான ஏற்பாடு, ஏனென்றால் எஞ்சினை நிறுத்தினால் ஈயம் சீக்கிரமே 12.7-க்கு இறங்கிவிடும். லித்தியம் அப்படி இல்லை. சும்மா கிடக்கும்போதே 13.3-இல் நிற்கும், பாதி இறங்கினாலும் 13.1. ஆக ரிலே சேர்ந்தது சேர்ந்தபடியே நாள்கணக்காகக் கிடந்திருக்கிறது, எங்களுக்குத் தெரியவே இல்லை. இரண்டும் தனித்தனி என்று நினைத்துக்கொண்டு ஒரே கம்பியில் ஓட்டிக்கொண்டிருந்தோம்.

நவம்பரில் ஒரு சாயங்காலம், காற்று விழுந்துவிட்டது, துறைமுகக் கால்வாயின் ஓரத்தில் இருந்தோம். தூரத்தில் நாவா ஷேவா துறைமுகத்துக்குப் போகிற ஒரு கன்டெய்னர் கப்பல். பாயைச் சுருட்டிக்கொண்டே எஞ்சின் சாவியைத் திருப்பினேன், ஸ்டார்ட்டர் ஒரு சுற்று சுற்றியது, மொத்தப் படகும் இருண்டது. வழிவிளக்கு இல்லை, பிளாட்டர் இல்லை, விஹெச்எஃப் ரேடியோவும் இல்லை. எஞ்சின் மட்டும் பிடித்துக்கொண்டது. முப்பது, நாற்பது விநாடி கழித்து எல்லாம் தானாகவே வந்தது, ஆனால் கப்பல் பாதையில் அந்த நாற்பது விநாடி எப்படிப் போனது என்று எனக்குத்தான் தெரியும். ஸ்டார்ட்டர் இழுத்தது 200 ஆம்பியருக்கு மேல், சேர்ந்து கிடந்த ரிலே வழியாக லித்தியத்திலிருந்தும் இழுத்திருக்கிறது. அதன் பிஎம்எஸ்ஸுக்கு (பேட்டரிக்குள்ளேயே இருக்கிற காவல் சர்க்யூட்) 100 தான் எல்லை, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது கதவைச் சாத்திவிட்டது.

அண்ணனுக்குப் போன் போட்டேன். "ரிலேயக் கழத்திப் போடுங்க தம்பி. அது ஈயத்துக்குன்னு செஞ்சது. லித்தியத்தப் பாத்தா எஞ்சின் எப்பவும் ஓடுத மாதிரியே அதுக்குத் தோணும்."

ரிலேயை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 20 ஆம்பியர் டிசி டு டிசி சார்ஜர் வைத்தோம். இப்போது ஆல்டர்நேட்டரின் கம்பி ஏஜிஎம்முக்கு மட்டும்தான் போகிறது. ஏஜிஎம்மிலிருந்து சார்ஜர் எடுத்து லித்தியத்துக்கு வேண்டிய 14.2 வோல்ட்டில் கொடுக்கிறது. லித்தியத்தை நேரே ஆல்டர்நேட்டரில் மாட்டியிருந்தால் இன்னும் இரண்டு ஆபத்து: கொடுக்கிறதையெல்லாம் வாங்கிக்கொண்டே இருப்பதால் சின்ன ஆல்டர்நேட்டர் முழு லோடில் ஓடி வெந்துவிடும், அப்புறம் ஓடும்போது பிஎம்எஸ் திடீரென்று வெட்டினால் போக இடமில்லாத கரண்ட் வோல்ட்டாக எகிறி ஆல்டர்நேட்டரின் டயோடைப் பொசுக்கும். நடுவே ஒரு ஈய பேட்டரி இருந்தால் அந்த அடியை அது வாங்கிக்கொள்ளும். அமெரிக்காவில் படகுகளுக்குத் தரம் வகுக்கிற ஏபிஒய்சி அமைப்பு 2022-இல் படகு லித்தியத்துக்கென்றே இ-13 என்று ஒரு தரநிர்ணயம் கொண்டுவந்தது. பிஎம்எஸ் வெட்டுவதற்கு முன் ஓட்டுகிறவருக்கு எச்சரிக்கை வர வேண்டும் என்பது அதில் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. எங்களுடையதில் அது கிடையாது, அடுத்து வாங்கினால் அதைப் பார்த்துத்தான் வாங்குவேன்.

பில்ஜ் பம்பையும் விஹெச்எஃப்பையும் ஏஜிஎம்முக்கு மாற்றிவிட்டோம். ஈயத்தை முழுசாகத் தூக்கி எறியாததற்கு எனக்கு இது ஒன்றே போதும். ஈயம் சோர்ந்துபோகும், ஆனால் தானாகக் கதவைச் சாத்தாது. ஆளில்லாமல் வாரக்கணக்கில் மிதக்கிற படகில் தண்ணி இறைக்கிற மோட்டார் ஒரு சர்க்யூட் போர்டின் முடிவை நம்பி இருக்கக் கூடாது.

செலவைப் பற்றி: பேட்டரி விலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். பேட்டரிக்குக் கொடுத்த பணத்தில் முக்கால் பங்கு அளவு, அதைச் சுற்றிய சாமானுக்குத் தனியாக ஆனது. சார்ஜர், ஷன்ட் மானிட்டர் (உள்ளே போகிற, வெளியே வருகிற ஆம்பியரை எண்ணுவது; வோல்ட்டைப் பார்த்து லித்தியத்தில் எவ்வளவு மிச்சம் என்று சொல்லவே முடியாது), ஃபியூஸ், கேபிள். ஷார்ட் ஆனால் லித்தியம் ஆயிரக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும், சாதாரண கார் ஃபியூஸ் அதை அறுக்காது, கிளாஸ் டி (Class T) வேண்டும். மும்பையின் எலக்ட்ரிக்கல் கடைத்தெருவான லோஹார் சால் முழுக்க அலைந்தும் எங்களுக்குக் கிடைக்காமல் ஆர்டர் போட்டுத்தான் வரவழைத்தோம். கேபிள் வெள்ளீயம் பூசினதாகப் பார்த்து வாங்குங்கள். முன்பு போட்ட வெறும் செம்புக் கம்பியை இரண்டு வருஷத்தில் உரித்துப் பார்த்தால் உறைக்குள்ளே ஒரு சாண் தூரத்துக்குக் கறுத்துப்போயிருந்தது.

மழைக்கு முன் மே கடைசியில் படகைக் கரை ஏற்றும்போது லித்தியத்தைப் பாதி சார்ஜில் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரியில் வைத்துவிடுகிறேன். ஏஜிஎம்மை நேர்மாறாக, முழுசாக நிரப்பி, மாதம் ஒரு தரம் சார்ஜ் போட வேண்டும்.

போன அக்டோபரில் திரும்ப மாட்டுவதற்கு முன் லித்தியத்தை வீட்டிலேயே சோதித்தேன். 10 ஆம்பியர் லோடு கொடுத்து மணிக்கு ஒரு தரம் எழுதிவைத்தேன். ஒன்பது மணி நேரம் போல 13-ஐ ஒட்டியே நின்ற வோல்ட் கடைசி அரை மணியில் சரசரவென்று இறங்கி அணைந்தது. ஷன்ட்டில் 97 ஏஹெச். ஏஜிஎம்முக்கு நாலு வருஷம் முடிந்துவிட்டது, காலையில் 12.6 தான் காட்டுகிறது, இந்த மழைக்குப் பிறகு மாற்றிவிடுவோம். இந்தத் தரம் அதை மட்டும் தனியாக மாற்றலாம், அந்தக் கம்பியில் வேறு பேட்டரி இல்லை.