வசந்தப் பனியில் குடும்பத்தோடு மலையேற்றம்: விடியலில் கிளம்புவதா, ஒன்பது மணிக்கா?

பனி முழுசாகக் கரையாத மலைக்கு வசந்த காலத்தில் குடும்பத்தோடு போகலாம் என்று பேச்செடுத்ததுமே எங்கள் வீட்டில் இரண்டு கட்சி உருவாகிவிடும். விடியலுக்கு முன்பே நடக்க ஆரம்பித்து, மதியத்துக்குள் வண்டிக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது என் கட்சி. பிள்ளைகள் தானாகக் கண் விழிக்கட்டும், வயிறு நிறையச் சாப்பிடட்டும், வெயில் ஏறியதும் ஒன்பது மணி வாக்கில் கிளம்பலாம், யாரும் நடுங்க வேண்டாம் என்பது மனைவியின் கட்சி. இரண்டு விதமாகவும் போய்ப் பார்த்தாயிற்று. மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு நான்கு. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஏறும் நேரத்தை வைத்து இதை முடிவு செய்தால் தப்பான பதில்தான் வரும். இறங்கும்போது காலுக்கடியில் என்ன மாதிரிப் பனி இருக்கும் என்று முதலில் கேட்டுவிட்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும்.

பகல் வெயிலில் மேல்பனி உருகி, அந்தத் தண்ணீர் பனிக்குருணைகளுக்கு நடுவே இறங்குகிறது. ராத்திரி வானம் தெளிவாக இருந்தால் பனி தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டு இறுகிப்போகிறது. காற்று 0 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே இருந்தால்கூட மேல்பரப்பு உறைந்துவிடும். மேகம் போர்வை மாதிரி மூடியிருந்தால் அப்படி இறுகாது. அதனால் செயலியில் எத்தனை டிகிரி என்று பார்ப்பதோடு நிற்காமல், படுக்கப் போகும் முன் வெளியே வந்து நட்சத்திரம் தெரிகிறதா என்றும் பார்த்துவிடுவேன். நன்றாக இறுகிய பனி காலையில் சிமெண்ட் தரை. வெயில் பட்டுக் கொஞ்ச நேரத்தில் மேலே ஒரு விரற்கடை இளகும், நடக்க அதைவிடச் சுகமான பனி கிடையாது. அப்புறம் அது கொஞ்சம் கொஞ்சமாகச் சேறு மாதிரி ஆகிவிடும். கிழக்கு பார்த்த பக்கம் முதலில் இளகும், மேற்கு பார்த்த பக்கம் அதற்கு வெகு நேரம் கழித்து. ஏறுவது ஒரு பக்கம், இறங்குவது இன்னொரு பக்கம் என்றால் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சரி, காலைக் கட்சி. இறுகிய பனியில் தடம் பதியாது, கால் புதையாது, தெருவில் நடப்பது போல நடக்கலாம். வெயிலில் இளகி உருண்டு வரக்கூடிய கல் எல்லாம் அந்த நேரத்தில் உறைந்து ஒட்டிக்கொண்டிருக்கும். ஓடைகளில் தண்ணீர் குறைவாக இருக்கும். குறை என்னவென்றால், டார்ச் வெளிச்சத்தில் அரைத் தூக்கத்தில் இருக்கும் நான்கு வயதுப் பையனுக்கு ஷூ மாட்டிவிடுவது ஒரு தனி மலையேற்றம். இன்னொரு குறை விளையாட்டுக்குச் சொல்வதில்லை: இறுகிய பனியில் சறுக்கி விழுந்தால் உடம்பு நிற்காது. வழவழப்பான மழைக்கோட்டுத் துணி போட்டிருந்தால் ஸ்லைடில் போவது மாதிரி போய்க்கொண்டே இருக்கும், கீழே பாறையோ மரமோ இருந்தால் அங்கேதான் போய் நிற்கும். பனிக்கோடரியைக் குத்தித் தன்னை நிறுத்திக்கொள்ளும் வித்தை பெரியவர்களுக்கே பயிற்சி இல்லாமல் வராது, குழந்தையிடம் அதை எதிர்பார்க்கவே முடியாது. ஆகவே காலையில் போவதானால் செங்குத்தான இடங்கள் இல்லாத பாதையாக இருக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஒன்பது மணிக் கட்சியின் பலம் முழுவதும் முதல் இரண்டு மணி நேரத்தில்தான். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே நடப்பார்கள், விரல் விறைக்காது, படம் நன்றாக விழும். ஒருமுறை அப்படித்தான் போனோம். மேலே போய் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்கு இறங்க ஆரம்பித்தபோது, காலையில் வெறும் குதிகால் மட்டும் பதிந்த அதே இடத்தில் மனைவியின் கால் தொடை வரை உள்ளே போனது. வேடிக்கை என்னவென்றால் மகள் மட்டும் மேலேயே நடந்துகொண்டிருந்தாள்! குழந்தைகள் எடை குறைவு, பனி அவர்களைத் தாங்கிவிடும், பெரியவர்கள்தான் ஒவ்வொரு அடிக்கும் புதைந்து புதைந்து எழ வேண்டும். அவள் முன்னால் போய்த் திரும்பிப் பார்த்து, "ஏன்ப்பா இவ்வளவு மெதுவா வர்றீங்க?" என்று கேட்கிறாள். நான் பதில் சொல்லும் நிலையில் இல்லை. ஒரு பாறையின் ஓரத்தில் கால் வைத்துவிட்டேன். வெயிலில் சூடாகும் பாறையைச் சுற்றியுள்ள பனி உள்ளுக்குள் உருகிக் குழிவாக இருக்கும், மேலே பார்த்தால் தெரியாது. ஷூ இரண்டு கல்லுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. கையுறையோடு பத்து நிமிடம் தோண்டித்தான் வெளியே எடுத்தேன். கணுக்கால் திரும்பாமல் இருந்தது அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். புதரின் நுனி லேசாக வெளியே தெரிகிற இடங்களும் அப்படித்தான், உள்ளே பொந்து இருக்கும்.

அதைவிட எனக்குக் கவலை தந்தது ஓடை. போகும்போது ஓடையை மூடிக் கிடந்த பனிப்பாலத்தின் மேல் கடந்தோம், கீழே தண்ணீர் ஓடும் சத்தம்கூடச் சரியாகக் கேட்கவில்லை. திரும்பும்போது பாலம் நடுவில் தொய்ந்திருந்தது, தண்ணீர் இரைந்துகொண்டிருந்தது. பகலில் உருகும் பனிதானே ஓடைக்குள் வருகிறது, ஆகவே மதியமும் மாலையும்தான் வெள்ளம் அதிகம். சுற்றிக்கொண்டு போக முக்கால் மணி நேரம் கூடுதலாயிற்று.

பனிச்சரிவும் இந்தப் பக்கத்துக் கணக்கில்தான் வரும். பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வுள்ள இடங்களில்தான் அது கிளம்பும், ஈரப்பனி சரிவது அநேகமாக வெயில் ஏறிய பிறகு. நம் பாதை சமதளம்தானே என்று நினைக்கக் கூடாது. பாதைக்கு மேலே என்ன தொங்குகிறது என்பதுதான் கேள்வி. சின்னச் சின்னப் பனி உருண்டைகள் தானாக உருண்டு வந்து கோடு போட்டிருந்தால், அந்தச் சாய்வு இளக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம், அதன் அடியில் நின்று பிள்ளைகளைப் படம் எடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். அந்த மலைக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறார்கள் என்றால் அதைப் பார்க்காமல் கிளம்பவே கூடாது.

நேரக் கணக்குக்கு வருவோம். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன ஒரு கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். 4 கிலோமீட்டர் தூரம், 600 மீட்டர் ஏற்றம் என்றால் 1 மணி 48 நிமிடம் வரும். அது நல்ல உடல்வாகுள்ள பெரியவர்களுக்கான கணக்கு. பிள்ளைகளோடு நான் அதை அப்படியே இரண்டால் பெருக்கிக்கொள்வேன், பனிமனிதன் செய்வதற்கென்று இன்னும் அரை மணி. அதாவது நாலு மணி நேரம். ஐந்தரைக்குக் கிளம்பினால் ஒன்பதரைக்கு மேலே, பனி லேசாக இளகத் தொடங்கும்போது இறங்குகிறோம். ஒன்பதுக்குக் கிளம்பினால் ஒரு மணிக்கு மேலே, இறங்குவது முழுக்க அந்த நாளின் மோசமான பனியில். இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டிய பிறகுதான் மனைவி கொஞ்சம் இறங்கி வந்தார்.

காலுக்கு எது என்பதும் இதை ஒட்டியே முடிவாகிவிடும். இறுகிய பனிக்கு, அதிகம் சாய்வில்லாத பாதைக்கு, ஷூமேல் ரப்பரோடு மாட்டும், அடியில் சின்ன இரும்புப் பற்கள் உள்ள மைக்ரோஸ்பைக் போதும். இளகிய பனிக்கு, கால் புதையாமல் எடையைப் பரப்பும் அகலமான ஸ்நோஷூ. ஷூவில் மாட்டும் நீளக் கூர்முனைச் சட்டமான கிராம்பான் இல்லாமல் போக முடியாத பாதை என்றால் அது குடும்பத்தோடு போகும் பாதையே இல்லை என்பது என் அபிப்பிராயம். மைக்ரோஸ்பைக்கில் இரண்டு சிக்கல். சின்னப் பிள்ளை ஷூவில் அது தளர்வாக இருக்கும், பாதி வழியில் ஒன்று கழன்று விழுந்துவிட்டால் தெரியவே தெரியாது, ஆகவே வீட்டிலேயே மாட்டி நாலு குதி குதிக்கச் சொல்லுங்கள். இன்னொன்று, ஈரப்பனி அடியில் கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டு பல் எதுவும் தரையில் படாது, ஹைஹீல்ஸ் போட்டு நடப்பது போல ஆகிவிடும். ஊன்றுகோலால் தட்டித் தட்டி உதிர்க்க வேண்டும்.

சின்னவனை எப்படிக் கொண்டுபோவது? முதுகுக் கேரியரா, பனியில் சறுக்கிப் போகும் ஸ்லெட்டில் வைத்து இழுப்பதா? கேரியரில் நமக்கு வியர்த்துக் கொட்டும், பின்னால் உட்கார்ந்திருப்பவன் அசையாமல் உறைந்துகொண்டிருப்பான். நமக்குச் சூடாக இருக்கிறதே என்று அவனுக்கும் இருக்கும் என்று நினைத்துவிடுவோம், அதுதான் ஆபத்து. தொங்கும் காலில் பட்டை அழுத்தினால் பாதம் இன்னும் சீக்கிரம் குளிரும். கன்னத்தைத் தொட்டுப் பார்த்து ஏமாறாதீர்கள், கழுத்துக்குப் பின்னால் கை விட்டுப் பாருங்கள். அதோடு முதுகில் குழந்தையோடு இறுகிய பனியில் விழுவதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். ஸ்லெட் சமதளத்தில் அருமை, பக்கவாட்டுச் சாய்வில் பள்ளத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு போகும், இறக்கத்தில் பின்னால் இன்னொருவர் கயிற்றைப் பிடிக்காவிட்டால் வந்து நம் காலில் இடிக்கும். காட்டுக்குள் அகலமான வண்டிப்பாதை என்றால் ஸ்லெட், இல்லையென்றால் அவன் நடக்கிற தூரம்தான் எங்கள் மலை.

வெயில் விஷயத்தில் இரண்டு கட்சிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, காலைக்காரர்களுக்குக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும், கீழேயிருந்தும் சுடும். மூக்குக்கு அடியிலும் தாடைக்கு அடியிலும் சன்ஸ்கிரீன் தடவ மறக்காதீர்கள். பிள்ளைகளின் கூலிங் கிளாஸுக்கு வார் கட்டிவிடுங்கள். பனியில் கண் கூசி வரும் வலி அப்போதே தெரியாது, சில மணி நேரம் கழித்து ராத்திரியில்தான் ஆரம்பிக்கும்.

எங்கள் தீர்ப்பு இப்போது இப்படி: தெளிவான ராத்திரி என்றால் நால்வரும் விடியலில், ஆனால் உச்சிக்கு இல்லை, மரங்கள் முடிகிற மேடு வரை. மேகமூட்டமான ராத்திரி என்றால் ஒன்பது மணிக் கட்சிக்கு வெற்றி, காட்டுப்பாதை, ஸ்லெட், ஸ்நோஷூ, ஏற்றம் கிடையாது. முந்தைய நாள் மழை பெய்திருந்தால் இரண்டும் வேண்டாம். உச்சிதான் வேண்டும் என்றால் நானும் மகளும் மட்டும். போன தடவை அப்படித்தான் போனோம். பனியில் கால் எவ்வளவு புதைகிறது என்று பார்த்துச் சொல்வது அவள் பொறுப்பு, கணுக்காலைத் தாண்டினால் திரும்ப வேண்டும் என்று வீட்டிலேயே பேசி வைத்திருந்தோம், அளக்கப் போவது என் கால்தான். உச்சி கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது, இன்னும் ஒரு இருபது நிமிடம் இருக்கும், குனிந்து என் ஷூவைப் பார்த்தாள். "அப்பா, தாண்டிடுச்சு." நான் மேலே பார்த்தேன். அவள் அதற்குள் திரும்பி நாலு அடி இறங்கியிருந்தாள்.