இன்ஸ்டாவில் விற்கும் "மூலிகை" எடைக்குறைப்பு மாத்திரை: வாங்கும் முன் இதைப் படியுங்கள்

கல்யாணம் நிச்சயமானவர்கள், ஐடி வேலையில் சேர்ந்து ஒரே வருடத்தில் பேன்ட் எல்லாம் டைட்டானவர்கள், பிசிஓடி என்ற சினைப்பைப் பிரச்சினை இருப்பவர்கள், உங்களைத்தான் குறி வைக்கிறார்கள்.

என் தங்கைக்குத் தையில் கல்யாணம். புடவைக் கடையிலேயே பெரியம்மா "கொஞ்சம் இளைச்சா நல்லா இருக்கும்" என்று ஆரம்பித்துவிட்டார். அவளும் இன்ஸ்டாவில் தேடி ஒரு "ஹெல்த் கோச்"சைப் பிடித்தாள். நாலு வாரத்தில் எட்டு கிலோ, முழுக்க மூலிகை, 3,200 ரூபாயை முதலில் ஜிபே பண்ணினால்தான் பார்சல்.

முதல் வாரமே எடை குறைந்தது, வினையே அங்கேதான். பசி என்பதே இல்லாமல் ஒரு இட்லியோடு எழுந்துவிடுவாள். அப்புறம் படபடப்பு, வாய் வறட்சி, ராத்திரி முழுக்கக் கொட்டக் கொட்ட விழித்திருப்பாள். கோச்சிடம் சொன்னால் வாய்ஸ் நோட் வருகிறது: "டாக்ஸின் வெளிய போகுது டியர், நிறுத்திடாதீங்க." டாக்டர் பார்த்தபோது பிரஷர் 150/100. உடனே நிறுத்தச் சொன்னார்.

மாத்திரையை லேபில் கொடுத்துப் பார்க்கவில்லை, அதனால் உள்ளே இன்னதுதான் இருந்தது என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் சிபுட்ராமின் என்று ஒரு பசியடக்கி உண்டு, பிரஷரையும் இதயத் துடிப்பையும் ஏற்றும், மாரடைப்பு, பக்கவாத அபாயம் என்று 2010-ல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விற்பனையை நிறுத்தினார்கள், இங்கே 2011-ல் தடை. மூலிகை என்று லேபிள் ஒட்டிய டப்பாக்களில் இதை ஒளித்துக் கலந்திருப்பதை அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ பல தடவை கண்டுபிடித்திருக்கிறது. டப்பாவில் நிலாவாரை வேறு போட்டிருந்தது, அது பேதி மருந்து. பேதியில் போவது தண்ணீர், கொழுப்பு இல்லை.

உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ கொடுக்கும் உரிம எண்ணுக்கு 14 இலக்கம் இருக்க வேண்டும். இந்த டப்பாவில் இருந்ததை எண்ணினால் 13! சரியான எண்ணாகவே இருந்தாலும் எடை குறையும் என்று அரசு சான்று கொடுத்ததாக அர்த்தமில்லை, உணவுப்பொருள் தயாரிக்க அனுமதி, அவ்வளவுதான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் அந்தக் கோச் டப்பாவை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாள், அனுப்பியதும் பிளாக். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறோம். உங்கள் வீட்டிலும் யாராவது இப்படி எதையாவது சாப்பிட்டு நெஞ்சு படபடத்தால் டப்பாவைத் தூக்கிப் போடாதீர்கள், டாக்டரிடம் போகும்போது கையோடு எடுத்துப் போங்கள், ஜிபே ரசீதையும் வாய்ஸ் நோட்டையும் அழித்துவிடாதீர்கள்.