மிஷின் ரிப்பேர் இல்லை, கையில் நாடிதான் இல்லை

டிஜிட்டல் பிபி மிஷின் என் தங்கையின் இடது கையில் 'எரர்' காட்டியது. நர்ஸ் இரண்டு முறை பட்டனை அழுத்திப் பார்த்தார். "பேட்டரி வீக்கா இருக்கு போல, அந்தக் கையைக் குடும்மா" என்று வலது கையில் பட்டையைச் சுற்றினார். 150/90 வந்தது, சீட்டில் எழுதிக்கொண்டார். பேட்டரி வீக் என்றால் வலது கையில் மட்டும் எப்படி வேலை செய்யும் என்று பக்கத்தில் நின்ற எனக்கும் உறைக்கவில்லை. அவளுக்கு அப்போது வயது 27. அந்த 'எரர்'தான் நோய் என்று தெரிய இன்னும் 11 மாதம் ஆனது. செலவு ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது.

முதலில் வந்தது கைவலிதான். மாடியில் துணி காயப்போடும்போது இரண்டு புடவையை உதறிப் போடுவதற்குள் இடது கை கனத்துத் தொங்கிவிடும். கொஞ்ச நேரம் கீழே போட்டால் சரியாகிவிடும், திரும்பத் தூக்கினால் திரும்ப வலிக்கும். தலை பின்னும்போதும் இதே கதை. அம்மா, "ரத்தம் இல்லடி உனக்கு" என்றார். டாக்டரும் அதையேதான் சொன்னார். இரும்புச்சத்து ஊசி, வைட்டமின் டி பாக்கெட்.

அப்புறம் கழுத்து வலி. எங்கள் மாவட்டத் தலைநகரில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் எம்ஆர்ஐ எடுத்து, 'கழுத்து எலும்பு லேசான தேய்மானம்' என்று சொல்லி, அவர்களுக்குத் தெரிந்த பிசியோதெரபி சென்டருக்கு அனுப்பினார்கள். 20 சிட்டிங் பேக்கேஜ், 18,000 ரூபாய், முன்பணம். கழுத்தைக் கட்டி இழுத்தார்கள். 12 சிட்டிங் முடிந்தும் துணி காயப்போட முடியவில்லை. மீதி 8 சிட்டிங்குக்குப் பணம் கேட்டால், "ஆஃபர் பேக்கேஜ் சார், ரிட்டர்ன் கிடையாது" என்றார்கள்.

இதற்குள் சாயங்காலக் காய்ச்சல், 6 கிலோ எடை குறைவு. உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான இஎஸ்ஆர் 88, அதிகம். சளியில் கிருமி இல்லை, எக்ஸ்ரேயிலும் ஒன்றும் இல்லை. இருந்தும் அதே மருத்துவமனையில் காசநோய் மாத்திரை ஆரம்பித்தார்கள். சந்தேகப்பட்டதைத் தப்பு சொல்ல மாட்டேன். நம் நாட்டில் இந்தக் காய்ச்சலுக்கும் எடைக்குறைவுக்கும் முதலில் டிபியைத்தான் நினைப்பார்கள், நினைக்கவும் வேண்டும். இரண்டு மாதம் மாத்திரை போட்டும் காய்ச்சலும் இஎஸ்ஆரும் இறங்காதபோது வேறு எதையும் யோசிக்கவில்லையே, அதுதான் என் கோபம். 150/90-க்குச் சொன்ன காரணம் 'டென்ஷன்'. கல்யாணப் பேச்சு நடக்கிறதா என்று கேட்டார்கள்.

அடுத்து 'ஃபுல் எவால்யுவேஷன்' என்று அட்மிட் ஆகச் சொன்னார்கள். கையில் காசில்லை. அதனால்தான் அரசு மருத்துவமனைக்குப் போனோம். அந்த அளவுக்கு ஏழையானது நல்லதாகப் போயிற்று.

பொது மருத்துவப் பிரிவில் மேல்படிப்பு படிக்கும் ஒரு இளம் டாக்டர். கோப்பைத் திறக்கக்கூட இல்லை. தங்கையின் இரண்டு மணிக்கட்டையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். அப்புறம் இடது கையை மட்டும் விரலை நகர்த்தி நகர்த்தித் தேடினார். "இங்கே எனக்கு நாடியே கிடைக்கலம்மா." கழுத்தெலும்புக்கு மேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு என்னிடமும் கொடுத்தார். நாடித்துடிப்போடு சேர்ந்து புஸ், புஸ் என்று ஒரு சத்தம். குறுகிய குழாயில் ரத்தம் பீறிட்டுப் போகும் சத்தமாம். கையால் அழுத்தும் பழைய மிஷினில் பார்த்தார். மேல் அளவு வலது கையில் 160, இடது கையில் 96. இரண்டு கைக்கும் 10-க்கு மேல் வித்தியாசம் இருந்தாலே யோசிக்க வேண்டும் என்றார். மணிக்கட்டைப் பிடித்ததிலிருந்து இதுவரை பத்து நிமிடம்கூட ஆகவில்லை, காசும் செலவில்லை.

ரத்தக்குழாய்களைப் படம் எடுக்கும் சிடி ஆஞ்சியோகிராம் உறுதி செய்தது. டகயாசு ஆர்ட்டரைட்டிஸ். இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனியும் அதிலிருந்து பிரியும் பெரிய ரத்தக்குழாய்களும் உள்ளே அழன்று, சுவர் தடித்து, வழி குறுகிப்போகும் நோய். 1908-இல் டகயாசு என்ற ஜப்பானியக் கண் மருத்துவர் ஒரு இளம்பெண்ணின் விழித்திரை ரத்தக்குழாய்களில் கண்ட மாற்றத்தைச் சொன்னதால் அந்தப் பெயர். 'நாடியில்லா நோய்' என்றும் பெயர் உண்டு. பெரும்பாலும் இளம்பெண்களுக்கு வருகிறது, ஆசியாவில் கூடுதல். தங்கைக்கு இடது கைக்குப் போகும் குழாயோடு சிறுநீரகத்துக்குப் போகும் குழாய் ஒன்றும் சுருங்கியிருந்தது. பிபி ஏறியது அதனால். கழுத்து வலியும் எலும்பிலிருந்து வந்ததில்லை, கழுத்து ரத்தக்குழாயின் அழற்சி.

இப்போது அழற்சியை அடக்க ஸ்டீராய்டும் மெத்தோட்ரெக்சேட்டும் சாப்பிடுகிறாள். மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரே ஒரு நாள்தான். மருந்துக்கடைப் பையன் கவரில் 'தினமும் 1' என்று கிறுக்கிக் கொடுத்தான். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து, அதையும் கவனியுங்கள்.

உங்கள் வீட்டில் சின்ன வயதுப் பெண்ணுக்குக் கை தூக்கினால் அசதி, காரணம் தெரியாத காய்ச்சல், இருக்கக்கூடாத பிபி என்றால், "இரண்டு கையிலும் பாருங்கள்" என்று வாயைத் திறந்து கேளுங்கள். ஒரு கையில் மிஷின் திணறினால் கையை மாற்றிவிட்டு எழுத விடாதீர்கள். இஎஸ்ஆரும் அதுபோன்ற இன்னொரு ரத்தப் பரிசோதனையான சிஆர்பியும் சரியாக இருந்தாலும் இந்த நோய் இல்லை என்று ஆகிவிடாது என்பதை அரசு மருத்துவமனையில்தான் தெரிந்துகொண்டோம்.

போன வாரம் அந்தத் தனியார் மருத்துவமனையின் கோப்பைப் புரட்டினேன். ஐந்து முறை போயிருக்கிறோம். ஐந்து தாளிலும் ஒரே வரி அச்சாகியிருக்கிறது: 'ஆல் பெரிஃபெரல் பல்சஸ் ஃபெல்ட்'. அதாவது கை கால் நாடி எல்லாம் தொட்டுப் பார்த்தாயிற்று, எல்லாம் இருக்கிறது என்று. எடுத்துக்கொண்டு நேரே போய் மேலாளர் மேஜையில் விரித்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் படித்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார்: "அது டெம்ப்ளேட் சார். தானா வரும்."